மிஸ் லவீனியா டிரெம்பாத், மூன்டா

கடீனா, தெற்கு ஆஸ்திரேலியா
1996 மார்ச் 17

அன்புத் தங்கை கிளெனிஸுக்கு,

ஹோபார்ட்டில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் பிள்ளைகளும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இன்னும் மழை இல்லை. பார்லி விதைக்கிறவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வரலாறு நடத்தும் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்துவிட்டார். என்னைவிட மிகவும் இளையவர், வரலாறு படித்தவரும் அல்ல. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

முதியோர் இல்லத்தில் அம்மா சௌக்கியம். கண்தான் இன்னும் மங்கிவிட்டது. நேரே இருப்பது தெரிவதில்லை, ஓரத்தில் இருப்பதுதான் தெரிகிறதாம். ஞாயிறுதோறும் கறியும் டர்னிப்பும் அடைத்த பாஸ்டி ஒன்று வாங்கிப் போகிறேன். "டர்னிப் பத்தல" என்று குறை சொல்லிவிட்டு முழுதையும் சாப்பிட்டுவிடுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மருந்துக்கடை மெர்வின் ஷிர்மரை உனக்குத் தெரியும். அடிலெய்டு அஞ்சல்தலைக் கண்காட்சியில் நடுவராக உட்கார்ந்து என் தொகுப்புக்கு வெறும் வெண்கலப் பதக்கம் கொடுத்தவர். செப்புச் சுரங்க ஊர்களின் தபால் முத்திரைகளை அப்படி யாரும் சேர்த்ததில்லை. "முத்திரையெல்லாம் சரியாத்தான் இருக்கு லயல், மனுஷங்களைத்தான் காணோம்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஒன்பது வருடம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

சென்ற செவ்வாய் எங்கள் அஞ்சல்தலைச் சங்கக் கூட்டத்தில், ஜூன் கண்காட்சிக்குத் தயார் செய்த பக்கங்களை அவர் விரித்துக் காட்டினார். பழைய உறைகளையும் அட்டைகளையும் வைத்து, எழுதியவர், பெற்றவர் வாழ்க்கையைத் தேடிச் சொல்கிற பிரிவு. இப்போது அதுதான் மோஸ்தர். அவர் வைத்திருந்தவை இரண்டாம் உலகப் போரில் வடக்கே ஒரு முகாமிலிருந்து ஒரு படைவீரன் எழுதியவை. தணிக்கை முத்திரையோடு, சில மாதங்களே இயங்கிய ராணுவத் தபால் நிலையத்தின் முத்திரையும் இருந்தது. நான் லென்ஸோடு குனிந்தேன். முத்திரையைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில்தான் முகவரியைப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: மிஸ் லவீனியா டிரெம்பாத், மூன்டா.

நம் அம்மா. கல்யாணத்துக்கு முந்தைய அம்மா. எழுதியவன் சிரில் ஹாக்கிங் என்று யாரோ ஒருவன். அந்தப் பெயரை நம் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

இவை எங்கே கிடைத்தன என்று கேட்டேன். ஷிர்மர் சிரித்தார். "அதை மட்டும் கேக்காதப்பா. நீ யாருகிட்ட வாங்குனன்னு என்னிக்காவது சொல்லியிருக்கியா?" சொன்னதில்லைதான். எங்களில் யாரும் சொல்வதில்லை, அது எழுதாத சட்டம். காப்பி கலந்துகொண்டிருந்த செயலாளர் அம்மாள், "லயல் முகத்தைப் பாருங்க, செத்துப்போச்சு. அவருக்கு ரெண்டு சர்க்கரை கூடப் போடுறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

மூன்டா வீட்டைக் காலி செய்தபோது கொட்டகை என் பொறுப்பு, அம்மாவின் அலமாரி உன் பொறுப்பு. நீ இரண்டு பெட்டிகளைக் காரில் ஏற்றினாய். ஊருக்குக் கிளம்பும் முன் உன் கார் ஷிர்மரின் மருந்துக்கடை வாசலில் நின்றதை நானே பார்த்தேன். தலைவலி மாத்திரை வாங்கினேன் என்றாய். தலைவலி மாத்திரை என் வீட்டிலேயே இருந்தது, நீ கேட்கவில்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பெட்டிகளில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

ஈஸ்டருக்குள் பதில் எழுது. வராவிட்டால், இவை குடும்பத்துக்குத் தெரியாமல் கைமாறியவை என்று கண்காட்சிக் குழுவுக்கு எழுதி, அந்தப் பக்கங்களை நிறுத்தச் சொல்வேன். அம்மாவின் பெயரை ஊரார் வேடிக்கை பார்க்கச் சுவரில் தொங்க விடமாட்டேன். அம்மாவிடம் நான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நீயும் விடாதே.

உன் அண்ணன்,
லயல்


கடீனா
1996 மே 5

அன்புத் தங்கை கிளெனிஸுக்கு,

உன் அட்டை கிடைத்தது. "அம்மாவையே கேள்" என்று ஒரே வரி, கையெழுத்துகூட இல்லை. ஈஸ்டர் கழிந்துதான் வந்தது. ஆனால் முத்திரையின் தேதியைப் பார்த்தேன். நீ முன்பே போட்டிருக்கிறாய், அந்த வகையில் உன்மேல் தவறில்லை. அதற்குள் நான் குழுவுக்கு எழுதிவிட்டேன். பக்கங்களை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. "நான்தான்டா குடுத்தேன். பெட்டிக்குள்ள கிடந்து என்ன ஆகப்போகுது? எனக்குக் கண்ணும் போச்சு. மெர்வின் வியாழக்கிழமை தோறும் வந்து ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டுறார்."

என்னிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "குடுத்தேனே. ஒரு அட்டையைக் குடுத்து வாசின்னேன். நீ லென்ஸை எடுத்துக்கிட்டு அந்த முத்திரையைப் பத்தி அரைமணி நேரம் பாடம் நடத்துன. அப்புறம் அதைப் பிளாஸ்டிக்ல போட்டு, முத்திரை வெளியே தெரியுற மாதிரி ஒட்டிட்டு, தொடாதீங்கம்மான்னுட்டுப் போன. எழுத்து அந்தப் பக்கம் போயிடுச்சு." அப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை. முத்திரை அபூர்வமானது என்று விளக்கியது நினைவிருக்கிறது. அது உண்மையும்கூட.

அப்பாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "தெரியாமலா? சிரில் வடக்க காய்ச்சல்ல செத்துப்போனப்புறம், இதைப் பத்திரமா வை லவீனியான்னு சொன்னதே உங்கப்பாதான்" என்றாள். பிறகு, "சிரிலுக்குக் கல்யாணமும் ஆகல, புள்ளகுட்டியும் இல்ல. அவன் பேரை ஒரு நாலு பேரு நின்னு படிக்கட்டுமேன்னுதான்டா குடுத்தேன். நீ கண்டுபிடிச்சிடுவேன்னு மெர்வின் பயந்தார். அவன் எங்க முகவரியெல்லாம் பாக்கப் போறான், முத்திரையைத்தான் பாப்பான்னு நான் சொன்னேன்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது செவிலி என்னை நிறுத்தி, "அம்மா கண்காட்சி பாக்க அடிலெய்டு போறாங்களாமே சார், முடி சுருட்டிவிட ஆள் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். பக்கங்கள் நிறுத்தப்பட்டது அம்மாவுக்குத் தெரியாது. இதுவரை நான் சொல்லவில்லை.

ஷிர்மர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார். "என்னைத் திருடன்னு எழுதிட்ட. சரி. அது தீருற வரைக்கும் நான் அந்த இல்லத்துல காலெடுத்து வைக்க மாட்டேன். லவீனியாகிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு நீயே யோசிச்சுக்க" என்று சொல்லி, பக்கங்களில் ஒட்டாமல் மிச்சமிருந்த அட்டைகளை என் கையில் திணித்தார். அவர் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அந்த மனிதருக்கு வியாழக்கிழமைதோறும் அங்கே என்ன வேலை என்று எனக்கு இன்னமும் முழுதாக விளங்கவில்லை. நீயும் யோசித்துப் பார்.

குழுவுக்குத் திரும்ப எழுதினேன். புகாரை நான் மட்டும் வாபஸ் வாங்கினால் போதாதாம். குடும்பத்துப் பெயரால் எழுப்பிய சந்தேகம் என்பதால், அம்மாவோடு பிள்ளைகள் இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டுமாம். இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும். என்னுடையதைப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. உனக்கான இடமும் காலியாக இருக்கிறது.

இந்த வியாழன் நானே போய் அம்மாவுக்கு வாசித்தேன். மழை, சேறு, டின்னில் அடைத்த கறி, கொசு, மூன்டாவில் அலை எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு. இரகசியம் எதுவும் இல்லை. இரண்டு அட்டை முடியுமுன் அம்மா என் கையைத் தட்டி, "போதும்டா. பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுற மாதிரி வாசிக்கிற" என்றாள். சற்றுக் கழித்து, "கிளெனிஸ் இருந்தா நல்லா வாசிப்பா" என்றாள். மூன்றாவது அட்டையை எடுத்து எனக்குள் படித்துப் பார்த்தேன். அதை என் குரலில் வாசிக்க முடியாது. அவன் அம்மாவை ஒரு செல்லப் பெயரால் கூப்பிட்டிருக்கிறான்.

என் முதல் கடிதத்தில் தலைவலி மாத்திரை பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை நீ பொருட்படுத்த வேண்டாம். வேறு சில விஷயங்களில் எனக்கு உன்னிடம் கேள்விகள் உண்டு, அவை இருக்கட்டும்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். விமானச் சீட்டு என் செலவு, சண்டை போடாதே. கையெழுத்தைப் போட்டுத் தபாலில் அனுப்பிவிடாதே, கிளெனிஸ். நேரில் கொண்டு வா. முடிந்தால் ஒரு வியாழக்கிழமை வா. அட்டைகளை மேசைமேல் எழுத்துப் பக்கம் மேலாக வைத்துவிட்டு, நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வருகையை எதிர்பார்க்கும் அண்ணன்,
லயல்