மழை நாளில் உருட்டிய கம்பி

நவம்பர் 14, வியாழன்

புக்கிட் ரம்பாய் இரும்பு ஆலையில் கம்பி உருட்டும் செல்வத்திடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாயன்று அவர் உருட்டிய கம்பிகள் வளைத்ததும் உடைந்துவிட்டன. நாளைக்குள் சரியான பதில் தராவிட்டால் வேலை போய்விடும்.

செய்தி சேகரிக்கப் போன எனக்கு ஆலைப் பொறியாளர் சுகந்தி கணினியைக் காட்டினார். சிவக்கச் சுட்டு உருட்டிய எஃகு, ஆலைக் குளத்துத் தண்ணீரில் ஆறும்போது உள்ளுக்குள் எப்படி மாறுகிறது என்று அது கணக்கிடுகிறது. மிக வேகமாக ஆறினால் கம்பி இறுகி, உடையும்.

"கணக்கு சரியா இருக்கு சார். அவர்தான் தண்ணிய அதிகமா திறந்து விட்டிருக்கணும்."

செல்வத்திடம் கேட்டேன். "வால்வ தொடவே இல்லண்ணே. மழை பேஞ்சா குளத்துத் தண்ணி சில்லுனு ஆயிடும்லா. கம்ப்யூட்டருக்கு என்னா தெரியும், அது மழையில நனைஞ்சிருக்கா?"

கணினிக் கணக்கில் தண்ணீரின் சூட்டை எப்போதும் ஒரே அளவாகத்தான் வைத்திருக்கிறோம் என்று சுகந்தி ஒப்புக்கொண்டார். ஆனால் மழையால் வரும் சிறு வித்தியாசத்துக்குக் கம்பி உடையாதாம். இருவரும் பொய் சொல்பவர்களாகத் தெரியவில்லை.

செவ்வாயன்று ஆலையில் மழை பெய்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். இத்தனை வருட நிருபர் நான். இதே நோட்டில் இரண்டு பக்கம் பின்னால், செவ்வாய்க்கிழமைக் குறிப்புக்குப் புரட்டினேன். 'கிளேபாங்கில் நல்ல மழை. குடை கொண்டுபோகவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

என் வீடிருக்கும் கிளேபாங்கில் பெய்த மழை, சில மைல் தள்ளியுள்ள புக்கிட் ரம்பாய்க் குளத்திலும் பெய்திருக்குமா?