பூசைச் சாப்பாடு

பெருமுக்கல்,
4 செப்டம்பர் 2024

அம்மா ஜெசிந்தா,

உன் மாமனார் தொம்மை சொல்ல, தையல்கடை நடராசன் எழுதுகிறான். விழுப்புரம் நர்சிங் ஆஸ்டலில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே, அதனால் இந்தக் காகிதம். இங்கே மழை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னிடம் சொல்லாத ஒன்று. அருண் என்னிடம் வருகிறான்.

அவன் முப்பதாம் நாள் பூசைக்குப் பன்றிக்கறி போட்டோம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து, முதுகில் ஏறி, தோள்பட்டையில் உட்கார்ந்தது. வாந்தி. பைக்கிலிருந்து விழுந்து செத்தபோது அவனுக்கும் வலது பக்கம்தான் அடி. கல்லறைத் திருநாளுக்கு ஆட்டுக்கறி, அன்றைக்கும் வந்தான். போன வாரம் வருஷப் பூசை, பிரியாணி. வந்தான். மற்ற நாளெல்லாம் கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டு கிடக்கிறேன். வருவதில்லை.

நடராசன், "கேஸ் ட்ரபுளா இருக்கும் பெரியப்பா, சோடா குடிங்க" என்கிறான். "நீ எழுதுடா, டாக்டர் வேலை பாத்துக்கினு இருக்காத" என்றேன்.

நீ அவன் பெண்டாட்டி. உனக்குத் தெரிய வேண்டும்.

தொம்மை, கைநாட்டு


விழுப்புரம்,
11 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு ஸ்தோத்திரம்.

பூசையை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் பாருங்கள். மூன்று நாளும் கொழுப்பு. கல்லீரலுக்கு அடியில் பித்தப்பை என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. கொழுப்பு உள்ளே போனால் அதைச் செரிக்கப் பித்தநீரைப் பிழிந்து அனுப்பும். பையில் கல் இருந்தால், பிழியும்போது அது பையின் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். அந்த வலிதான் முதுகுக்கும் வலது தோளுக்கும் ஓடும். கல் நகர்ந்தால் விட்டுவிடும். கூழில் கொழுப்பு இல்லை, அதனால் பை அவ்வளவாகச் சுருங்குவதில்லை.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விட்டால் உயிருக்கே ஆபத்து.

அது அவர் இல்லை, மாமா. உங்களிடமாவது வருகிறாரே என்று படித்ததும் பொறாமையாக இருந்தது. பிறகுதான் பாடம் ஞாபகம் வந்தது.

ஜெசிந்தா


பெருமுக்கல்,
20 அக்டோபர் 2024

அம்மா ஜெசிந்தா,

நீ படித்தவள், சரியாகத்தான் சொல்லுவாய். ஸ்கேன் வேண்டாம். கல்லறைத் திருநாளுக்கு ஆட்டுக்கறி சொல்லிவிட்டேன். "வேணாம் பெரியப்பா" என்று நடராசன் பேனாவைக் கீழே வைத்தான். எடுக்கச் சொன்னேன்.

தொம்மை, கைநாட்டு


பெருமுக்கல்,
29 ஆகஸ்ட் 2025

அம்மா ஜெசிந்தா,

அந்தக் கல்லறைத் திருநாள் கறிக்குப் பிறகு கண் மஞ்சளாகிக் காய்ச்சலில் நான் திண்டிவனத்தில் கிடந்தபோது, பரீட்சையை விட்டுவிட்டு வந்து ஆபரேஷனில் பித்தப்பையை எடுக்க வைத்தாய். புண் ஆறிவிட்டது.

நேற்று இரண்டாம் வருஷப் பூசை. உனக்கு வார்டு டூட்டி என்று தெரியும். பன்றிக்கறி போட்டோம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இலை எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்க பெரியப்பா, பந்தல் பிரிக்கணும்" என்றான் நடராசன்.

"இருடா" என்றேன்.

என்னைச் சுற்றியே பந்தலைப் பிரித்தார்கள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தார்கள். வலது பக்கம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. நீ சொன்னது சரிதான்.

தொம்மை, கைநாட்டு