ஒத்தைக் கை, ரெண்டு ஏலம்

ஆடி, செவ்வாய்

பேய்க்காத்து. தோட்டத்துப் பந்தல் பாதி கீழ. காலைல வெவசாயிங்க சமிதில காய்கறி ஏலம், எப்பவும் போல நாந்தான் கூப்பிட்டேன். மானம் போச்சு. பாவக்காய்க் குவியலுக்கு யாவாரி சுப்பு ஒத்தைக் கைதான் தூக்கியிருக்கான். எனக்கு ரெண்டு கை தெரிஞ்சுது. ரெண்டு பேரு போட்டின்னு ரேட்டை ஏத்திட்டே போனேன். அவனும் பின்னால எவனோ நிக்கறான்னு விடாம ஏத்தறான். கடைசில, "ஏனுங்க்கா, எங்கூட நானேதான் மல்லுக்கட்டறனுங்களா?" ஒரே சிரிப்பு. பழைய ரேட்டுக்கே முடிச்சேன். நானுஞ் சிரிச்சேன். உள்ளுக்குள்ள பகீர். வலது இமை வேற தொங்குது. சாயங்காலமானா பேச்சு மூக்கால வருது.

ஆடி கடைசி வெள்ளி

கோயமுத்தூர். பஸ்ல நிக்க எடமில்ல. ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துட்டு டாக்டரம்மா சொன்னது, மறக்கறதுக்குள்ள:

நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி. உடம்பைக் காக்கற அணுவுக்கெல்லாம் பள்ளிக்கூடம் அங்கதான். தன் உடம்பையே அடிக்கற புத்தி இருக்கறதை அங்கயே ஒழிச்சுக்கட்டிருமாம். தப்பிச்சு வெளிய வர்றதை அடக்கறதுக்கும் தனியா அணு இருக்குதாம். எனக்கு ரெண்டும் கோட்டை விட்டுருச்சு. தப்பிச்ச அணு, நரம்பு சொல்றதைச் சதை வாங்கிக்கற எடத்தைப் போட்டு அடிக்குது. அதான் கண்ணு, குரல், தாடை எல்லாம் வேலை செய்யச் செய்யச் சோர்ந்து போவுது. தைமஸ்ல சின்னக் கட்டி. கட்டியோட சுரப்பியையே எடுத்துரோணும்.

"பள்ளிக்கூடத்தையே எடுத்துட்டா எப்படிங்க?"

"உங்க வயசுல அதோட வேலை பெரும்பாலும் முடிஞ்சுதுங்க. படிச்சு வந்த அணு உடம்பு பூரா இருக்கு."

"மறுபடி ஏலம் கூப்பிட முடியுமுங்களா?"

"நெறைய பேருக்கு நல்லா ஆகுது. உடனே இல்ல, மாசக்கணக்குல ஆகும்."

மாசந்தானே. ஆகட்டும்.

ஞாயிறு

எங்கூட்டுக்காரரோட அக்கா தூக்குப்போசில சீந்தில் கசாயத்தோட வந்துட்டாங்க. "எதிர்ப்பு சக்தி ஏறோணும் அம்மிணி, மடக்குனு குடி." அது எகிறிக் குதிக்கறதுதானுங்க எனக்குச் சீக்கேன்னேன். நம்பினாத்தானே. டாக்டரம்மாளுக்கே போன் போட்டுக் கையில குடுத்தேன். "தொடவே கூடாதுங்க." கசாயம் தென்னை மரத்துக்கு. அக்கா மூஞ்சியத் தூக்கிட்டுப் போனாங்க. போகட்டும்.

வாங்கோணும்: டாக்டரம்மா எழுதிக் குடுத்த மாத்திரை, துண்டு ரெண்டு, மாட்டுக்குத் தவுடு.

ஆவணி, புதன்

ஆசுபத்திரி. நாளைக்கு ஆபரேசன். பயம் இருக்குது. கத்தியப் பத்தி இல்ல. குரல் வராமயே போயிட்டா? அது ஒண்ணுதான்.

இட்லி தின்னு முடிக்கல, சமிதி செக்ரட்டரி போன். எனக்குப் பதிலாக் கூப்பிடறவன் திணறறானாம், ரேட்டு சரியுதாம், வெளைய வெச்சவங்க கூச்சல். "நீங்க போன்லயே கூப்புடுங்க, யாரு கை தூக்கறாங்கன்னு நாஞ் சொல்றேன்." ஸ்பீக்கர்ல போட்டேன். மாத்திரை வேலை செய்யற நேரம், குரல் கணீர்னு இருந்துது. பொடலங்காய் போச்சு, கத்திரிக்காய் போச்சு, ரேட்டு நிமுந்துது. கடைசிக் குவியல், பாவக்காய். ஒரு தரம். ரெண்டு தரம். அத்தோட குரல் அடங்கி வெறுங்காத்துதான் வந்துது. அங்க அத்தனை பேரும் காத்துட்டு நிக்கறாங்க.

தொணைக்கு வந்த எங்கூட்டுக்காரரு நாலு பேரு முன்னால வாயே தொறக்க மாட்டாரு. போனைப் புடுங்கி, "மூணு தரம்!"னு போட்டாரு பாரு ஒரு கத்து. வார்டே எந்திரிச்சு உக்காந்துருச்சு. போனை வெச்சுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பி அழுதாரு.