நாற்பத்தேழு கிலோ அறுநூறு கிராம்

என்னை வாய் நிறையச் சாமி என்று கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டன. வருடத் திதியன்று உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நிறையப் பேசினேன். எல்லாம் நல்ல பேச்சு. இன்றைக்கு அப்படி இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள், உயிரோடு இருந்தபோது அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டு.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் இருபத்திரண்டு வருடம் எடை போட்ட பருத்தி மண்டியின் தராசுக்கு அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டார்கள். காரணம் பெரியப்பா, உங்கள் கூடப் பிறந்த அண்ணன். நீங்கள் போன பிறகு அவருடைய மருமகன் கோழிப்பண்ணை போட்டார். தீவன மூட்டை நிறுக்க அங்கே ஒரு தராசு இருக்கிறது. பெரியப்பா சும்மா இருக்காமல், மண்டிக்குப் போகும் வழியில் பருத்தி மூட்டையை அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். அங்கே ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது, மண்டியில் ஐம்பதுதான். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் மண்டி வாசலில் நின்றுவிட்டார்.

எனக்குக் கடைக்குப் போன் வந்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கான உதிரிபாகக் கடையில் இன்னும் நான்தான் பில் போடுகிறேன். மூட்டைக்கு இரண்டு கிலோ குறைவு என்று கேட்டதும் என் கை நின்றுவிட்டது. எதிரில் நின்ற டிரைவர், ஏனுங்க, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சுங்களா என்று கேட்டார். அந்த இரண்டு கிலோவை எனக்குத் தெரியும், அப்பா. பன்னிரண்டு வருடமாகத் தெரியும். எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். ஆனாலும் சொல்கிறேன், ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பழைய ரிக் லாரி ஷெட் ஒன்றில் மாஸ்டர் பாக்சிங் சொல்லிக் கொடுத்தார். நான் ஆள் குள்ளம், காட்டுக்குள் இறங்கினால் பருத்திச் செடிக்கு மேல் என் தலை தெரியாது என்று பெரியப்பா கேலி செய்வார். ஆனால் என் கால் வேகம் அந்த ஷெட்டில் யாருக்கும் இல்லை. நாற்பத்தெட்டுக் கிலோப் பிரிவில் மாநில அணித் தேர்வுக்குப் போக மாஸ்டர் என் பெயரைக் கொடுத்தார். அந்த எடையில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று அவரே சொன்னார்.

தினமும் எடை பார்த்து எழுத ஒரு அட்டை கொடுத்தார். பக்கத்தில் வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டும். எனக்கு என்ன குறை? அப்பாவே எடை போடுகிறவர். சாயங்காலம் மண்டியில் கடைசி மூட்டை இறங்கியதும் நான் தராசில் ஏறி நிற்பேன். மூட்டை தூக்கும் ராசு அண்ணன் என் வியர்வையைப் பார்த்து, இது எந்த ஊருப் பருத்திங்க, இவ்வளவு ஈரமா இருக்குது என்று கேட்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே சிவப்பு எண்ணைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். நாற்பத்தேழு எழுநூறு, நாற்பத்தேழு ஐந்நூறு, நாற்பத்தேழு அறுநூறு.

ஷெட்டில் ஒரு சின்னத் தராசு கிடந்தது. அதில் ஏறினால் முள் ஐம்பதை ஒட்டி நிற்கும். மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் நேராக உங்களிடம் வந்தேன்.

"மாஸ்டர் தராசு அம்பது காட்டுதுங்கப்பா. எது சரிங்க?"

நீங்கள் முதலாளி அறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு என் தலையைத் தடவினீர்கள்.

"ஊருப் பருத்தியெல்லாம் நிறுக்கற தராசு சாமி இது. இதுல என்ன தப்பு இருக்கப்போவுது?"

அதை அப்படியே மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். மண்டித் தராசுக்கு முன்னால் இந்தப் பொம்மைத் தராசு எதற்கு என்று அவரும் விட்டுவிட்டார். அன்று நாம் டிவிஎஸ்ஸில் வீட்டுக்கு வந்தது அரை மணி நேரம். ஜேடர்பாளையம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டதைப் பற்றிப் பேசினீர்கள். அம்மாவின் முட்டி வலியைப் பற்றிப் பேசினீர்கள். மண்டியில் நாலு பேர் இருந்தார்கள், முதலாளி இருந்தார், அங்கே வாய் திறக்க முடியாதுதான். வண்டியில் யார் இருந்தார்கள், அப்பா?

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. எனக்குச் சோறு போடக் கூடாது என்று அம்மாவிடம் சண்டை போட்டீர்கள். மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிவிட்டு டிவிஎஸ் பின்னால் ஓட வைத்தீர்கள். எடைதான் சரியாக இருக்கிறதே என்று நான் முரண்டு பிடித்தேன். நானூறு கிராம் பத்தாது சாமி, கைவசம் ரெண்டு கிலோவாச்சும் இருக்கோணும் என்றீர்கள். ஏன் சரியாக இரண்டு என்று நான் கேட்கவில்லை. என் அப்பாவுக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப் போனேன். அம்மா வேறு உங்களுக்குத் தெரியாமல் எனக்கு அவித்த முட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் உங்களை ஏமாற்றுவதாக நினைத்துச் சிரித்தோம்.

தேர்வு நடந்த சேலத்தில் எடை பார்த்தவர் நாற்பத்தொன்பது அறுநூறு என்று வாசித்தார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். அதேதான். நான் என்ன செய்தேன் தெரியுமா, அத்தனை பேர் முன்னாலும் அவரிடம் வாய்ச்சண்டைக்குப் போனேன். "உங்க தராசு தப்புங்க. எங்கப்பா மண்டியில எடை போடறவரு, எனக்குத் தராசு தெரியும்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்காகப் பேச நீங்கள் வருவீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெண் அவமானப்பட்டதில் மனம் உடைந்துவிட்டது என்று நினைத்து, உங்களுக்கு நான் ஆறுதல் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அதிகம், ஒரு மணி நேரத்தில் இறக்க முடியாது. மாஸ்டர் கெஞ்சியதில் அடுத்த எடைப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவின் சாம்பியனிடமே என்னைக் கொண்டுபோய் விட்டது குலுக்கல். நாலு வருடமாக யாரிடமும் தோற்காதவள். என்னைவிட ஒரு தலை உயரம், அவள் கை என்னைத் தொடுகிற தூரத்தில் என் கை அவளைத் தொடாது.

ஆனாலும் முதல் ரவுண்டு என்னுடையது. நீங்கள் பார்த்தீர்கள். அவள் இடது கை நீளும்போது நான் அதற்கு அடியில் புகுந்து விலாவில் இரண்டு வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அவள் அடித்ததில் பாதி காற்றில் போனது. இரண்டாவது ரவுண்டு சரிக்குச் சரி. மூன்றாவதில் அவள் புத்திசாலியாகிவிட்டாள். நெருங்கி வந்து என் கழுத்தின் மேல் சாய்ந்துகொண்டாள். ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிற மாதிரி இருந்தது. என் கால் நின்றது, நின்ற காலுக்கு அடி விழுந்தது. ஐந்து நடுவர்களில் இரண்டு பேர் எனக்குக் கொடுத்தார்கள், மூன்று பேர் அவளுக்கு.

உடை மாற்றும் இடத்தில் அவளே என்னைத் தேடி வந்தாள். முதல் ரவுண்டில் தன்னால் என்னை ஒரு முறைகூடச் சரியாக அடிக்க முடியவில்லை என்றாள். "அடுத்த வருஷம் இதே எடைக்கு நல்லாச் சாப்பிட்டுட்டு வா. என்னை நீ ஜெயிச்சிருவே" என்றாள்.

திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறியதும் அதை உங்களிடம் சொன்னேன். தோற்ற வருத்தமே போய்விட்டது எனக்கு. நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"அதெல்லாம் ஆறுதலுக்குச் சொல்றது சாமி. சின்ன உருவம் பெரிய உருவத்தை ஜெயிக்கறது கதையிலதான். ஆண்டவன் உனக்கு அளந்தது இவ்வளவுதான். உம்மேல தப்பில்ல, உட்டுரு."

விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கிளவுசை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார், மூன்று தடவையும் நீங்களே பேசி அனுப்பினீர்கள். பன்னிரண்டு வருடம் என் உடம்பின் மேல்தான் எனக்குக் கோபம், நீங்கள் போட்ட எடையைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம், இன்னும் நாலு விரல் வளர்ந்திருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன்.

போன வாரம் ராசு அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "சொல்லாம இருந்தாச் சோறு எறங்க மாட்டீங்குது அம்மிணி" என்று ஆரம்பித்தார். தராசுக்கு அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்குமாம். ஒரு முறை அமுக்கினால் குறைத்துக் காட்டும், இன்னொரு முறை அமுக்கினால் சரியாகிவிடும். அதிகாரி யாராவது வந்தால் சரி செய்வதற்காம். "காத்தால முதல் மூட்டைக்கு முன்னாடி உங்கப்பாதானுங்க அமுக்குவாரு. அவரு இருந்த வரைக்கும் எங்க யாரையும் தொட உடமாட்டாரு" என்றார்.

ஒரு அமுக்கு, அப்பா. நான் ஏறி நின்ற அந்த அரை நிமிடத்துக்கு அதை அமுக்க உங்கள் விரலுக்கு என்ன வந்தது? முதல் நாள் யோசிக்காமல் விட்டிருப்பீர்கள். மறுநாள் மாற்றினால் ஒரே ராத்திரியில் இரண்டு கிலோ ஏறியது எப்படி என்று கேட்பேனே என்று பயந்திருப்பீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பொத்தானைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம். மாஸ்டர் தராசையே பாரு சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மண்டியும் மாட்டியிருக்காது, நானும் தப்பித்திருப்பேன்.

தராசைக்கூட நான் மன்னித்துவிடுவேன். பஸ்ஸில் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் தொடர்ந்து ஆடினால் வாரம் ஒரு தராசில் ஏறுவேன், என்றைக்காவது ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் என்னை நிறுத்தினீர்கள். என் உருவத்தின் மேல் பழியைப் போட்டு, அதையும் ஆறுதல் மாதிரியே சொன்னீர்கள். சின்னவள் பெரியவளை ஜெயிக்க முடியும் என்று அந்தப் பெரியவளே சொன்னாள். இரண்டு நடுவர்கள் சொன்னார்கள். முடியாது என்று சொன்னது என் அப்பா ஒருவர்தான், நான் நம்பியதும் அவரைத்தான்.

திங்கட்கிழமை விசாரணை. தராசு இந்த மழையில்தான் கெட்டது, அதுவரை சரியாக இருந்தது என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய் என்று காட்ட ஊரில் யாரிடமும் பழைய எழுத்து எதுவும் இல்லை, என்னிடம் தவிர. அட்டையின் கடைசி வரியில் உங்கள் கையெழுத்தோடு நாற்பத்தேழு அறுநூறு. மறுநாள் காலை சேலத்தில் எடை பார்த்துக் கொடுத்த சீட்டில் நாற்பத்தொன்பது அறுநூறு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். போன மனுசனைச் சந்தியில நிறுத்தாத கண்ணு என்கிறாள்.

பெரியப்பாவும் நேற்று வந்திருந்தார். விசாரணையைப் பற்றிப் பேசத்தான் வந்தார் என்று நினைத்தேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உங்கள் படத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"என்ற தம்பி எனக்குங் கம்மியாத்தாம் போட்டானா சாமி?"

நான் பேசாமல் நின்றேன். இந்த ஊமைத்தனம் உங்களிடமிருந்து வந்ததுதான். அவர் படியிறங்கிப் போனார். எழுபது வயதில், தன்னுடைய பருத்தியைப் பற்றி அல்ல, தம்பியைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார்.

அப்பா, உங்கள் படத்துக்குப் பூ வைப்பதை நான் நிறுத்த மாட்டேன். உங்கள் மேல் எனக்கு இருக்கும் பாசம் போகவில்லை, போனால் இவ்வளவு வலிக்காது. ஆனால் உங்களுக்காக நான் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், இது சத்தியம். திங்கட்கிழமை அட்டையையும் சீட்டையும் கொடுப்பேன். உங்கள் பெயரை வேறு யாரும் சொல்லும் முன் நானே சொல்வேன். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதை நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆமாங்க பெரியப்பா. உங்களுக்கும் கம்மியாத்தான் போட்டாருங்க. எனக்கும் கம்மியாத்தான் போட்டாரு."

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்
சுகந்தி