மாத்திரை செய்த சமாதானம்

3-2-1986, திங்கள்

கவர்மென்ட் கிளினிக்கில் இன்று எனக்கு எழுபத்தொன்றாம் நம்பர். பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மாதத்துக்கு வெள்ளை மாத்திரை வாங்கியாயிற்று. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த 1979-லிருந்து இதை விட்டதில்லை. நெஞ்சு படபடப்புக்கு.

மஞ்சள், கீழே கடைவரிசையில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கொடுப்பது. தலைசுற்றலுக்கு. நீலம், மருமகள் ஜெயலெட்சுமி கொண்டுவருவது. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை செய்கிறவர்களுக்குப் கம்பெனி ஏற்பாடு செய்த பேனல் கிளினிக்கில் எல்லாம் காசில்லாமல் சும்மா. "தூக்கம் வரல டாக்டர்" என்று தன் பேரில் சொல்லி எனக்கு வாங்கி வருவாள். எந்த மருமகள் செய்வாள்?

மூன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. பக்கத்து வீட்டு யோகலட்சுமி அக்காவுக்கு இரண்டு நிறம்தான். இன்று எட்டிப் பார்த்து, "உங்களுக்கு நீலமும் தந்தவையோ?" என்று கேட்டார். "தந்தாங்க அக்கா" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

1983-ல் ஒரு சின்ன டாக்டர், "மாத்திரை வேணாம்மா, சாயங்காலத்துல நடங்க" என்று வெறுங்கையோடு அனுப்பினான். ஜூலை ஆறு, புதன்கிழமை. மருந்து கொடுக்காதவன் என்ன டாக்டர்? அந்த ரோட்டுப் பக்கமே நான் போவதில்லை.

பள்ளிக்கூடம் எனக்கு பைராம் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. ஞாபகம் பள்ளிக்கூடம் கொடுத்தது இல்லை. இந்த மாடியில் பதினாறு வீடு. பதினாறு வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளும் என் தலையில் இருக்கிறது. யார் எனக்கு எப்போது என்ன சொன்னார்கள் என்பதும் இருக்கிறது.

9-2-1986, ஞாயிறு

செபராங் ஜெயாவிலிருந்து நாத்தனார் அங்கம்மா வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். நல்ல மழை.

27-2-1986, வியாழன்

ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். மகன் அர்ஜுனன் தண்ணீர் ஊற்றிக் கலந்து சாப்பிட்டான். திட்டியிருந்தால் தேவலை.

14-3-1986, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும்.

காலையில் காலண்டர் தாளைக் கிழித்தேன். பதினான்கு என்று இருந்தது. பதினொன்று எங்கே? பதினொன்று எப்போது போயிற்று?

1958 மார்ச் பதினொன்று, செவ்வாய். என் மகள் குணவதி போன நாள். எட்டு மாதக் குழந்தை. இருபத்தேழு வருஷம் ஒரு தடவை தவறியதில்லை. அன்றைக்கு ஒரு விளக்கு ஏற்றி, ஒரு தம்ளர் பால் வைப்பேன். போட்டோ கிடையாது. அர்ஜுனனுக்கு அப்போது மூன்று வயது, அவனுக்கு அவள் முகம் தெரியாது. அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அவள் இருக்கிற ஒரே இடம் என் தலை. அங்கேயும் இல்லை என்றால் அவள் பிறக்கவே இல்லை என்றாகிவிடும், இல்லையா?

அழுதுகொண்டிருக்கும்போது அர்ஜுனன் வந்தான். நான் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல், "விடும்மா. வயசானா மறதி வரத்தான் செய்யும். அதுலயும் ஒரு நல்லது இருக்கு. அத்தைகூட ராசியாயிட்டீங்கல்ல? வீட்டுக்குள்ள கூப்பிட்டு காப்பி குடுத்தீங்களாம், எல்லார்கிட்டயும் சொல்லி சந்தோஷப்படுறாங்க" என்றான்.

எந்த அத்தை? அங்கம்மாவா? நானா?

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். காப்பி போட்டுக் கொடுத்தேன், நல்ல மழை. அட பாவி மனுஷி!

குணவதியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு தோட்டத்து லயத்து வாசலில் அத்தனை ஜனத்துக்கு முன்னால் அந்த அங்கம்மா சொன்னாள்: "பால் குடுக்கத் துப்பில்லாத முண்டத்துக்குப் புள்ள ஒரு கேடா?" எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போயிருந்தது. அது அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் அண்ணன் சாவுக்கு வந்து கட்டிப்பிடிக்க வந்தாள், அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது எல்லாரும் மெச்சுகிறார்கள், கிழவி மனசு கனிந்துவிட்டது என்று.

நான் மன்னிக்கவில்லை. எனக்கு மறந்துபோயிற்று. இரண்டும் ஒன்றா?

18-3-1986, செவ்வாய்

ஜெயலெட்சுமி பச்சை மாத்திரை கொண்டுவந்தாள். "ஞாபகத்துக்கு நல்லதாம் அத்தே, பேனல் டாக்டர்கிட்ட எனக்குத்தான் மறதின்னு சொல்லி வாங்கினேன்." பாவம், மனசு நல்ல மனசு. டின்னில் நாலு நிறம் ஆயிற்று. யோகலட்சுமி அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லை.

24-3-1986, திங்கள்

வெள்ளை தீரவில்லை. இருந்தாலும் டின்னோடு கிளினிக் போனேன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ரொஸ்னா இருந்தாள். ஐந்து வருஷமாக அவள்தான். எனக்கு மலாய் நன்றாக வரும், அவளுக்குத் தமிழில் 'சாப்பாட்டுக்குப் பிறகு' மட்டும் வரும். என்னை 'மக்சிக்' என்பாள், மலாயில் அத்தை என்று.

"ஞாபகம் போகுது, இதுல எந்த மாத்திரைய கூட்டிப் போடணும்?" என்று டின்னை அவள் முன்னால் கவிழ்த்தேன்.

அவள் மஞ்சளை எடுத்தாள். நீலத்தை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அலாமாக்! மக்சிக், இதெல்லாம் எங்க கிடைச்சுது?"

சொன்னேன். மஞ்சள் தலைசுற்றலுக்கு, நீலம் தூக்கத்துக்கு என்றேன்.

"இல்ல மக்சிக். வெள்ளை, மஞ்சள், நீலம், மூணும் ஒரே மருந்து. அளவுதான் வேற. அளவுக்கு ஒரு கலர். பச்சை மட்டும் வெறும் சத்து மாத்திரை. நீங்க மூணு இடத்துல வாங்கி மூணையும் போட்டிருக்கீங்க. இது தூங்க வைக்கிற மருந்து. ஞாபகத்தையும் சேர்த்துத் தூங்க வைக்கும்."

"யாருமே சொல்லலயே."

"மூணு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது மத்த ரெண்டு பேரைப் பத்தி நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை. எதற்குச் சொல்வது? சொன்னால் கொடுக்காமல் விட்டுவிட்டால்? இந்த மாடியில் எவளும் சொல்வதில்லை.

ரொஸ்னா உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். "உடனே நிறுத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், நாங்க எழுதித் தர்றோம்" என்றார் டாக்டரம்மா. தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் நாலு நிறத்தையும் குப்பைக் குழாயில் கொட்டினேன். ஒன்பது மாடி சலசலவென்று இறங்கிப் போயிற்று. என் பிள்ளையை என் தலையிலிருந்து எடுத்தது இதுதானே! இதற்கு என்ன கொஞ்சம் கொஞ்சமாக?

28-3-1986, வெள்ளி

உடம்பெல்லாம் வேர்வை. தம்ளர் பிடிக்க முடியவில்லை. சுவரில் பல்லி இல்லாத இடத்தில் பல்லி தெரிகிறது.

31-3-1986, திங்கள்

ஜெயலெட்சுமி லீவு போட்டுவிட்டு என்னை டாக்சியில் கிளினிக்குக் கொண்டுபோனாள். ரொஸ்னா ஜன்னலை விட்டு வெளியே வந்து எல்லார் முன்னாலும் திட்டினாள். "நான் என்ன சொன்னேன்? மக்சிக் செத்துப்போயிருந்தா யார் பதில் சொல்றது? வலிப்பு வரும் தெரியுமா?" என் வயதுக்கு மரியாதை இல்லாமல் ஒரு சின்னப் பெண் என்னைத் திட்டியது 1958-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது சரி. அதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

மறுபடியும் மாத்திரை. ஆனால் ஒரே நிறம், ஒரே இடம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குறைக்க வேண்டும். பிளேடால் பாதியாக வெட்டச் சொல்லிக் கொடுத்தாள்.

டாக்சியில் திரும்பும்போது ஜெயலெட்சுமி அழுதாள். "நான்தான் அத்தே உங்களுக்கு விஷம் குடுத்திருக்கேன்."

"வாய மூடு. நான் கேட்டேன், நீ குடுத்தே. கேட்டவமேலதான் தப்பு" என்றேன். அவள் பேரில் எனக்குக் கணக்கு எதுவும் இல்லை.

5-5-1986, திங்கள்

பாதி மாத்திரை ஆயிற்று. தூக்கம் மூன்று மணி நேரம்தான். படுத்துக்கொண்டே பைராம் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகப் போகிறேன். பதினெட்டு வீட்டில் பதினாறு வீட்டு ஆள்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். மீதி இரண்டு வீடும் வரும்.

19-6-1986, வியாழன்

கால் மாத்திரை ஆயிற்று. பிளேடு விரலை வெட்டிவிட்டது.

குணவதிக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை நாள் நான் அதை நினைத்திருக்கவே இல்லை. இன்று துணி காயப்போடும்போது வந்தது. மச்சத்தோடு காது, காதோடு முகம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். ஏழு வருஷமாக அழாத அழுகை, அவருக்கும் சேர்த்து. மனசு வலிக்கிறது, நன்றாகவே வலிக்கிறது. வலிக்கட்டும், என்னுடையது.

21-7-1986, திங்கள்

மாத்திரை இல்லாமல் ஏழாவது நாள். ரொஸ்னாவிடம் சொன்னேன். வரிசையில் நின்ற சீனக் கிழவியிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள், அந்தக் கிழவி கட்டை விரலை உயர்த்தினாள். பஸ் ஸ்டாப் வரை தலையை நிமிர்த்தி நடந்தேன்.

யோகலட்சுமி அக்கா தம்முடைய டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். "எனக்கும் ஒருக்காப் பாருங்கோவன்." நான் டாக்டர் இல்லை, ஆனால் எந்த ஜன்னலில் கொண்டுபோய்க் கவிழ்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மாடியிலிருந்து இதோடு நாலு பேர் போய்விட்டார்கள்.

அந்த 1983 சின்ன டாக்டரை நினைத்தேன். அவன் சொன்னது சரிதான். ஆனால் உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

10-8-1986, ஞாயிறு

அங்கம்மா வந்தாள். போன தடவைக் காப்பியின் தைரியம். கிரில் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றேன்.

"என்னா அண்ணி, கதவைத் தொறங்கலா. கால் வலிக்குது."

இருபத்தெட்டு வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். "என் புள்ள செத்த அன்னைக்கி லயத்து வாசல்ல நீ என்ன சொன்னே?"

அவள் என்னைப் பார்த்தாள். நடிப்பு இல்லை, எனக்கு நடிப்பு தெரியும். "எந்தப் புள்ள அண்ணி?"

கம்பியைப் பிடித்தபடி அவள் கையைப் பார்த்தேன், நடுங்கியது. தோளில் ஒரு துணிப்பை. கேட்காமலே திறந்து காட்டினாள். "டாக்டருங்க எனக்கு நெறையா குடுக்கிறாங்க அண்ணி. மக ஒரு எடத்துல வாங்குவா, மருமகன் ஒரு எடத்துல. எல்லாம் நல்ல மருந்து." வெள்ளை. நீலம். இன்னும் எனக்குத் தெரியாத நிறம் இரண்டு.

இத்தனை வருஷம் நான் ஒருத்தி மட்டும் இந்தக் கோபத்தைச் சுமந்திருக்கிறேனா? அவள் இறக்கி வைத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறாளா? விட மாட்டேன். சொன்னவளுக்கு ஞாபகம் இல்லை என்றால் நான் யாரிடம் கோபப்படுவது, சுவரிடமா? இவளுக்கு ஞாபகம் வரவேண்டும். வந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

"இன்னைக்கி இங்கயே படு. நாளைக்கி உன்னை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கதவைத் திறந்தேன்.

11-8-1986, திங்கள்

அங்கம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் பேசவில்லை. ஜன்னல் பக்கம் அவளை உட்கார விட்டேன், அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று 1951-லிருந்தே எனக்குத் தெரியும்.

ரொஸ்னா பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது யாரு மக்சிக், உங்க சொந்தமா?"

"ஆமா, எனக்கு ரொம்ப வேண்டியவ. நல்லாப் பாரு. ஒரே நாள்ல நிறுத்த விடாதே" என்றேன்.

2-11-1986, ஞாயிறு

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அங்கம்மா கடல் தாண்டி பெர்ரிக் கப்பலில் வருகிறாள். மறுநாள் அவளோடு கிளினிக் போய்வருகிறேன். அவள் மாத்திரையை நான்தான் பிளேடால் வெட்டுகிறேன், அவளுக்குக் கை நிற்பதில்லை. வேறு பேச்சு இல்லை. அர்ஜுனன், "ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துமை!" என்கிறான். என்னத்தைக் கண்டான்.

22-2-1987, ஞாயிறு

அங்கம்மாவுக்கு மாத்திரை நின்று மூன்று வாரம் ஆகிறது. இன்று தனியாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பசியாறியாச்சா என்று ஜெயலெட்சுமி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணி, குணவதி" என்றாள்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"நாலு நாளா தூங்கலே. அன்னைக்கி நான் அப்புடி சொல்லியிருக்கக் கூடாது."

"எப்புடி?"

"உங்களுக்குத் தெரியும் அண்ணி."

"எனக்குத் தெரியும். உன் வாயால சொல்லு."

ஜெயலெட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அர்ஜுனன் பேப்பரை மடித்தான். அங்கம்மா புடவை முந்தானையை இரண்டு கையிலும் முறுக்கிக்கொண்டு, என் வீட்டுக் கூடத்தில், என் பிள்ளைகள் காதில் விழும்படி அதைச் சொன்னாள்.

ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அதையும் சேர்த்து முதலிலிருந்து சொன்னாள்.