லாரி போச்சு, நானும் போனேன்

அன்பு மகள் இவாஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதுகிற சுகம் இல்லை இது, கை கால் தலை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற சுகம், அதற்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். நீயும் மருமகன் மெல்வினும் பேத்தி கேத்ரினும் அந்த ஆக்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலை ஜெபத்தில் முதல் விண்ணப்பம். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்றாயே, கண்டதை வாயில் வைக்கும், தரையைத் துடைத்து வை. நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன். போனில் சொல்லாமல் காகிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், கேத்ரின் ஒருதடவை சிரித்துவிட்டால் அதோடு நம் பேச்சு முடிந்தது. அதோடு இது அவரே எழுதச் சொன்ன கடிதம். நீயே எழுதிரு கிருபா, எனக்கு வாயில வரமாட்டேங்கு என்றார். பயப்படாதே, எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அடுத்த மாதம் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் வரும்போது மதுரை ஏர்போர்ட்டுக்குத் தானே கார் ஓட்டி வந்து பேத்தியை வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று அவள் பிறந்த அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அது நடக்காது. ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் போனை எடுக்காமல் முழுக்கப் படி.

மாசி மாதம் கார் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. பெயிண்ட் அடித்தது உண்மை, எதனால் என்பதைச் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த எபனேசர் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது, பார்த்து ஜெபம் பண்ணிவிட்டு வரலாம் என்று போனோம். அண்ணன் பேச ஆரம்பித்தால் விடுவாரா, கிளம்பும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. ஊர் எல்லையில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் நிக்கீங்க என்றால், இஞ்சின் செத்த நேரம் ஓடட்டும் என்றார். ரொம்ப நாளாகவே இந்தப் பழக்கம்தான், பொழுது சாய்ந்தால் எங்காவது நிறுத்துவார், பஸ்ஸோ லாரியோ தாண்டிப் போனதும் அதன் பின்னாலேயே எடுப்பார். பட்டாளத்துக்காரருக்கு ஆயிரம் பழக்கம், அதில் இதுவும் ஒன்று என்று நானும் விட்டுவிட்டேன். மலைப்பாதையில் பனிமூட்டத்தில் வரிசையாக லாரி ஓட்டிய கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு போ, இடது வலது பார்க்காதே, அது நின்றால் நில், அது திரும்பினால் திரும்பு என்று. கண்ணில் புரை வந்து எதிர் வண்டி வெளிச்சம் சிதறிச் சிதறித் தெரிய ஆரம்பித்ததும் மனுஷன் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லை, பழைய வித்தையைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போனது ஒரு மினி லாரி. அது ராஜபாளையம் போகிற லாரி இல்லை, வழியில் ரோட்டோரப் பொட்டலில் காய்ந்துகொண்டிருந்த மக்காச்சோளத்தை ஏற்ற வந்த லாரி. அது இடதுபக்கம் திரும்பிப் பொட்டலில் இறங்கியது, உன் அப்பாவும் திரும்பி இறங்கினார். என்னங்க என்னங்க என்று கத்துகிறேன், ஒரே புழுதி, லாரி வலதுபக்கம் ஒதுங்க நாங்கள் நேரே போய்ச் சோளக் குவியலில் ஏறி நின்றோம். கண்ணாடி முழுக்கச் சோளம், என் மடியில் பால்கோவாப் பெட்டி, அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. பிறகுதான் குவியலுக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் அலறுகிற சத்தம். செல்லத்தாய் என்று பெயர், குனிந்து சிதறிய மணியைக் கூட்டிக்கொண்டிருந்தவள். அந்தக் குவியல் மட்டும் நடுவில் இல்லாவிட்டால் இவா, நான் இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. குவியல் சரிந்து, அதில் கிடந்த பலகை அவள் பாதத்தில் விழுந்து எலும்பில் கீறல் விழுந்துவிட்டது. அவள் புருஷன் சின்னக்கருப்பன் ஓடி வந்தான், அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன், அடித்தாலும் நியாயம்தான். அவனோ கதவைத் திறந்து அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி, இவ்வளவு ரோடு கெடக்க லாரிக்குப் பின்னால எதுக்குய்யா வந்தீரு என்று கேட்டான். அப்பா வெளிறிப்போய், லாரி போச்சு, நானும் போனேன் என்றார். வலியில் முனகிக்கொண்டிருந்த செல்லத்தாய்கூட அதைக் கேட்டு, லாரி கெணத்துல விழுந்தா நீரும் விழுவீரோ என்றாள்.

அதே லாரியில்தான் அவளை ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நான் பின்னால் சாக்குமேல் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலையில் அப்பா யார் சொல்லியும் கேட்காமல் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் இடித்தேன், என் பேரில்தான் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சின்னக்கருப்பனைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன், காலு போனாப் போகுது, ஆளு இருக்குல்லா, பெரியவர ரொம்ப அலைய விடாதீக என்றானாம். அந்த வார்த்தையைக் கேட்டு அன்றைக்குத்தான் உன் அப்பா அழுதார், எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்து இரண்டாவது தடவை, முதல் தடவை நீ விமானம் ஏறிய அன்றைக்கு. அப்புறம் நான் வாராவாரம் ஆட்டுக்கால் சூப்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோவேன், செவ்வாய் வெள்ளியில மட்டும் கொண்டாந்திராதீக அம்மா என்பாள் செல்லத்தாய். அவள் எனக்குச் சோளத்தட்டையில் உட்காரக் கற்றுக் கொடுத்தாள், நான் அவளுக்குச் சங்கீதம் பாடிக் காட்டினேன், பாட்டு நல்லாத்தான் இருக்கு, கொரல்தான் என்று இழுத்தாள். திமிர் பிடித்தவள், எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உறவுக்காரர்கள் எல்லாம் போனில் ஆறுதல் சொன்னார்கள், எங்களைத் தூங்க வைத்தது இவர்கள் இரண்டு பேருடைய நல்ல மனசு.

அப்பாவுக்கு மதுரையில் இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று. கட்டுப் பிரித்த அன்றைக்கு என்னைப் பார்த்து, ஏட்டி கிருபா, ஒனக்கு எப்போ இம்புட்டு நரைச்சுது என்றாரே பார்க்கலாம். இப்போது கண்ணாடி மாதிரித் தெரிகிறது, பேத்தியைக் கொண்டுவர நானே ஓட்டுவேன் என்று மறுபடியும் ஆரம்பித்தார். செல்லத்தாய்க்கு மாவுக்கட்டு எடுத்ததும் பார்க்கப் போனோம், அங்கேயும் அதையே பெருமையாகச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, கண்ணு சரியாச்சு, சந்தோசம்யா, ஆனா நான் அந்த ரோட்டு ஓரத்துலதான இருப்பேன், ஒங்க பேத்திய நீங்க கூட்டிட்டு வாறப்பவும் அங்கனதான் இருப்பேன், யாராச்சும் பக்கத்துல உக்காந்து நீங்க ஓட்டுறதப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும், பொறவு ஓட்டுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

இந்த விஷயத்தைப் பற்றிச் சபையில் பெரிய விவாதமே நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த எபனேசர் அண்ணன், எழுபது தாண்டுனா எல்லாரும் திரும்ப ஓட்டிக் காட்டணும்னு சட்டம் போடணும் என்கிறார். ஐயாதுரை அண்ணன், ஒரே பைக்குல மூணு பேராப் பறக்கானுவளே, அவனுவள மொதல்ல டெஸ்ட் பண்ணச் சொல்லும் என்கிறார். ஏன், இரண்டு பேரையும் பண்ண வேண்டியதுதானே, அவன் தப்பு இவர் தப்பை அழித்துவிடுமா என்று நான் கேட்டேன், ஆண்கள் இருவரும் டீ ஆறிப்போச்சு என்று எழுந்துவிட்டார்கள். உன் ஊரில் எழுபத்தைந்து வயதானால் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் லைசென்ஸ் என்றாய். இங்கேயும் புதுப்பிக்க டாக்டர் சீட்டு வேண்டும், இல்லாமல் இல்லை. போன தடவை கொடுத்த டாக்டர், பேர் எதற்கு, அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்று, மிலிட்டரிக்காரருக்கு என்ன சார் டெஸ்ட் என்று கையெழுத்துப் போட்டு காபியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மரியாதைதான், நானும் அன்றைக்குப் பூரித்துத்தான் போனேன், அந்த மரியாதைதான் கடைசியில் செல்லத்தாய் காலில் போய் விழுந்தது. வயதானவர்களை அவமானப்படுத்தக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஒருத்தரை இடித்துவிட்டு நிற்பதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா, தானாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் என்னைத் திரும்ப டெஸ்ட் பண்ணுங்கள் என்று கேட்டிருக்கிறார். லைசென்ஸ் இன்னும் இருக்குதே ஐயா, நீங்களாக் கேட்டா டெஸ்ட் வைக்க எங்ககிட்ட வழி இல்லையே என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நம் தெருக்கோடியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற சத்யப்பிரியாவிடம் போனார். அவளுக்கு உன் வயதுகூட இராது, டாக்டரம்மாக்கள் முதல் பூக்காரி வரை அவளிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். தாத்தான்னு கூப்பிடக் கூடாது, புதுசா வாற ஆள எப்படிப் பாப்பியோ அப்படிப் பாரு என்று அப்பா நிபந்தனை போட்டார். இரண்டு பிரேக் உள்ள அவள் வண்டியில், நல்ல பகல் வெளிச்சத்தில், செட்டியார்பட்டி வரை போய்வருவது என்று ஏற்பாடு. நான் பின் சீட்டில். சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகாக ஓட்டினார், ஆடு மாடு சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒதுங்கி, கியர் மாற்றுவதே தெரியாமல். சத்யப்பிரியா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும், அப்பாடா, ஓட்டட்டும் பாவம் என்றுதான் இருந்தது. திரும்பி வரும்போது முன்னால் ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது, அது ஒரு சந்துக்குள் இடதுபக்கம் திரும்பியது. அப்பாவின் கையும் திரும்பியது. நாங்கள் போக வேண்டிய வழி நேர் வழி, அப்பாவுக்குத் தெரியாத ரோடா அது. சத்யப்பிரியா தன் பிரேக்கை மிதித்துவிட்டாள். அவளோ, பரவால்ல ஐயா, இன்னொரு ரவுண்டு போவோம் என்றாள், நல்ல பிள்ளை. அப்பாதான் இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, கண்ணு இல்லட்டி, கைதான் தானாப் போயிருது, அதுக்கு ஆபரேசன் கெடையாது என்றார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் கை வைத்தேன்.

இப்போது ஞாயிறு தோறும் சத்யப்பிரியாதான் நம் காரை ஓட்டிக் கோவிலுக்குக் கொண்டுபோகிறாள், மதுரைக்கும் அவள்தான் வருவாள். அப்பா பின் சீட்டில் என் பக்கத்தில். முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் காலால் தரையை மிதித்து மிதித்து என் செருப்பை நசுக்கிவிட்டார், இல்லாத பிரேக்கை எத்தனை மிதி மிதித்தாலும் வண்டி நிற்குமா என்று திட்டினேன். இப்போது பரவாயில்லை. போன வாரம், ஏட்டி, இந்த ரோட்டுல இவ்வளவு புளியமரம் நிக்கா என்று கேட்டார், இத்தனை வருஷம் ஓட்டின ரோடு. வருத்தம் இல்லாமல் இல்லை, சாயங்காலம் காரைத் துடைப்பார், துடைத்ததையே துடைப்பார். ஆனாலும் இவா, அவர் உள்ளே ஜெயிலில் இல்லை, செல்லத்தாய் நடக்கிறாள், நான் கடிதம் எழுதுகிறேன். கேட்டிராத நன்மை எவ்வளவோ கொடுத்த தேவனுக்கு இதற்கு மேல் நான் என்ன விண்ணப்பம் வைப்பேன். ஞானஸ்நானத்துக்குச் செல்லத்தாயையும் சின்னக்கருப்பனையும் கூப்பிட்டிருக்கிறேன், கோவிலுக்குள்ள செருப்பக் கழட்டணுமா அம்மா என்று கேட்டு வைத்துக்கொண்டாள். அவளுக்கு அங்கிருந்து ஒரு நல்ல கம்பளிச் சால்வை வாங்கி வா, பனியில் சோளத்துக்குக் காவல் இருக்கிறவள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, ஆகாயத்திலும் ரோட்டிலும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஏர்போர்ட்டில் மருமகன், சாவி எங்க மாமா, நீங்க ஓட்டலையா என்று கேட்டுவிடப் போகிறார், முதலிலேயே சொல்லி வை. எதுவும் கேட்க வேண்டாம், வெளியே வந்ததும் பிள்ளையை நேரே அப்பா கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மூவருக்காகவும் ஜெபத்தோடு காத்திருக்கும்
உன் அம்மா கிருபாபாய்
ராஜபாளையம்

(மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா எழுதியதெல்லாம் சரி, செருப்பு விஷயம் மட்டும் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். புது முகம் என்று என்னைக் கண்டதும் கேத்ரின் அழுதால் நீ பதறி வாங்கிவிடாதே. மதுரையிலிருந்து வீடு வரை எனக்கு இரண்டு கையும் சும்மாதான் இருக்கும்.)