நீ கீறிக் காட்டிய பட்டை

என் அன்பு எட்வின் அண்ணா,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. குரோம்பேட்டைப் பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அச்சுகளைச் சூடாக்குவது இப்போது அண்ணிதான். ஊற்றும்போது ஒரு குமிழி விழ விடமாட்டார். நீ கலவைக்கு எடை போட்ட தராசை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அதைத் தொடும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

ஏன் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இனி நாலு பேருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாம் ஊற்றிக் கொடுத்த டிராலி சக்கரங்கள் ஞாபகம் இருக்கிறதா? சரக்கோடு ஓரிடத்தில் நின்றால் தரையில் படும் பக்கம் தட்டையாகிவிடுகிறது என்று புகார் வந்தது. கலவையை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னது நான்தான். குறைத்தால், ரப்பர் போன்ற நம் பாலியூரிதேனில் இணை கிடைக்காமல் மிச்சமிருக்கும் முனைகள் ஓவன் சூட்டில் பக்கத்துச் சங்கிலிகளோடு குறுக்கே பிணைந்துகொள்ளும். அமுங்கிய சக்கரம் பழைய வட்டத்துக்குத் திரும்பும். திரும்பியது. வேதியியல் படித்த திமிர் அன்றைக்கே என் தலைக்கு ஏறிவிட்டது.

அடுத்து, கூடுவாஞ்சேரி தாண்டி இருக்கும் கல் குவாரிக்காரர் வந்தார். கன்வேயர் பெல்ட்டில் ஒட்டும் ஜல்லித் தூளை வழித்தெடுக்கப் பட்டைகள் வேண்டும் என்றார். அதே கலவை போதும் என்றேன். நீ தயங்கினாய். பழைய கலவையில் ஒரு துண்டும் புதியதில் ஒரு துண்டும் எடுத்து, இரண்டின் ஓரத்திலும் பிளேடால் கீறல் போட்டு இழுத்தாய். பழையது நீண்டு கொடுத்ததே தவிரக் கிழியவில்லை. புதியது கீறலிலிருந்து சர்ரென்று கிழிந்து கையோடு வந்தது.

"சக்கரத்துக்கு இது சரி ஸ்டெல்லா. கல்லுல உரசறதுக்கு வேணாம்மா."

நான் கடினம் பார்க்கும் மீட்டரை இரண்டிலும் அழுத்திக் காட்டினேன். இரண்டிலும் தொண்ணூறு. குவாரியில் யாரும் பிளேடோடு நிற்கப்போவதில்லை என்று கேலி வேறு. ஜல்லியின் ஒவ்வொரு முனையும் பிளேடுதான் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? குறுக்குப் பிணைப்பு கூடக்கூடச் சங்கிலிகளுக்கு நகர்ந்துகொடுக்க இடமிருக்காது, அப்புறம் ஒரு சின்னக் கீறலே போதும் என்று பரீட்சையில் எழுதியவள்தானே நான்?

கடைசியில் என் கலவையிலேயே ஊற்றிக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் குவாரிக்காரர் கிழிந்த பட்டைகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். "இன்னாமா இது, பேப்பர் மாதிரி கிழிஞ்சிகினு கீது?"

உன்னைப் பார்க்காமலே சொன்னேன்: "அண்ணன் எடை போட்டதுல மிஸ்டேக் ஆயிடுச்சு சார்."

நீ தராசின் தட்டைத் துடைத்து வைத்தாய். பிறகு, "ஆமா சார், என் தப்புதான்" என்றாய். ஏன் அண்ணா அப்படிச் சொன்னாய்?

அதற்குப் பிறகு, ஒவ்வொரு முறை எடை போடும்போதும் என்னைக் கூப்பிட்டு எண்ணைப் பார்க்கச் சொன்னாய். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது, வாய் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை குவாரிக்காரர் மறுபடியும் பட்டை கேட்டு வந்தார். உங்கள் அண்ணன் மாதிரி எடையை மாற்றிப் போட்டுவிடாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணி அங்கேயே அச்சைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். குவாரிக்காரர் போன பிறகு அண்ணி மெதுவாகக் கேட்டார்: "அவரு அப்படிப் போடற ஆளே இல்லையே ஸ்டெல்லா?"

நான் பதில் சொல்லாமல் ஓவன் கதவைத் திறந்தேன். இரண்டாவது முறையும் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

பட்டைகளை உன் பழைய அளவில்தான் ஊற்றியிருக்கிறோம். திங்கட்கிழமை நானே கொண்டுபோகிறேன், அண்ணியோடு. லோடு ஆட்டோவில் போகும்போதே அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கூடுவாஞ்சேரி வருவதற்குள் அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினாலும் சரி. இரண்டு கலவையிலும் ஒவ்வொரு துண்டு பையில் எடுத்துவைத்திருக்கிறேன். கீறல் போட்டு, குவாரிக்காரர் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொல்வேன். கிழிந்து வருவது என் கலவை, என் பிடிவாதம் என்பேன். நீ போட்ட எடை, கடைசி கிராம் வரை சரியாகத்தான் இருந்தது என்பேன்.

உன் பெயரைக் கெடுத்துவிட்டு, அதைத் திருப்பித் தரக் கிளம்பும்
உன் ஒரே தங்கை,
ஸ்டெல்லா